மூன்றாவது பிளாக்கைக் காலி செய்த விதம்

நம்முடைய பழைய இலக்கணக்காரர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு பறை, காத்திருக்க ஒரு பொழுது, ஊடுவதற்கு ஒரு பொழுது என்று எல்லாவற்றையும் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, வெட்டி எடுத்துப் போய்விட்ட நிலத்துக்கு மட்டும் ஒன்றும் ஒதுக்காமல் விட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் காலத்தில் நிலம் வைத்த இடத்தில் இருந்தது.

வெள்ளூற்றில் அப்படி இல்லை. வெள்ளூற்றுப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் குகை மாதிரியானதல்ல, வானம் பார்த்துத் திறந்து கிடப்பது. ஒரு மலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அழுத்தி எடுத்த அச்சு போல, படிப்படியாக இறங்கும் மண் தட்டுகளோடு, எதிர்க்கரையில் நிற்கும் லாரி எறும்பாகத் தெரிகிற அகலத்தில் கிடக்கிறது. அந்தத் தட்டுகளை இங்கே எல்லோரும் பெஞ்ச் என்பார்கள், அதில் ஒருவரும் உட்காருவதில்லை என்றாலும். திங்கட்கிழமைதோறும் காலையில் சர்வே பிரிவின் மதிவதனி கிழக்குக் கரையில் நின்று ட்ரோனை ஏற்றுவாள். அது பள்ளத்தின்மேல் உழவு மாடுபோலப் போய்த் திரும்பி, போய்த் திரும்பிப் படம் எடுக்கும். படங்களையெல்லாம் விழுங்கிவிட்டுக் கணினியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு, போன வாரத்துக்கு இந்த வாரம் எவ்வளவு மண் குறைந்திருக்கிறது, எந்தச் சரிவில் விரிசல் விட்டிருக்கிறது, யார் எந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடும். முன்பு இதையே ஆட்கள் கருவிகளைத் தோளில் சுமந்து மாதக்கணக்கில் அளந்தார்கள்; அளந்து முடித்துக் கணக்குப் போடும்போது அளந்த சரிவு இருக்காது.

ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் ட்ரோன் கொண்டுவந்த படத்தில், கிழக்குச் சரிவு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாவது பிளாக் இருந்தது.

மூன்றாவது பிளாக் என்பது சுரங்கம் தோண்ட வந்தவர்களுக்கு நிர்வாகம் கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸ். விருத்தாசலத்துக்காரர்களும் பாலக்காட்டுக்காரர்களும் நெல்லூர்க்காரர்களும் அங்கே ஒருவர் குழம்பை ஒருவர் மோப்பம் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். எல்லா வீடும் ஒரே அச்சு: ஒரே சுண்ணாம்பு, ஒரே பச்சைக் கதவு, ஒரே மொட்டைமாடி, இடப்பக்கம் ஒரே அளவில் வளர்ந்த வேப்பமரம். அதனால் இராத்திரி ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வருகிறவர்கள் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றி, காப்பி கேட்டு, குடித்த பிறகே சுவரில் மாட்டியிருப்பது தங்கள் சாமி இல்லை என்று கண்டுபிடிப்பது அங்கே சாதாரணம். இதில் பெயர் பெற்றவர் பக்கெட் வீல் ஓட்டிய தணிகாசலம். தெரு அகலத்துக்குச் சக்கரமும் சக்கரமெங்கும் வாளிகளுமாக மண்ணைத் தின்னும் அந்த ராட்சத இயந்திரத்தைத் தலைமயிர் அளவு பிசகாமல் நகர்த்தத் தெரிந்த மனிதருக்குத் தன் வீட்டு வாசல் மட்டும் பிடிபடவில்லை. கடைசியில் அவர் மனைவி பச்சையம்மாள், அவர் ஷிப்ட் முடிந்து வரும் காலைகளில் எல்லாம் மொட்டைமாடிக் கொடியில் தன் நீலச் சேலையை விரித்துப் போட்டுவிடுவாள், தெருமுனையிலிருந்தே தெரியும்படி. அவர் வந்து படியேறியதும் சேலையை உள்ளே எடுத்துவிடுவாள்.

குவார்ட்டர்ஸுக்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. மாற்றலிலோ ஓய்விலோ வீட்டைக் காலி செய்கிறவர்கள், அடுத்து வரும் குடும்பம் யாரென்று தெரியாவிட்டாலும், அடுப்படியில் ஒரு பொட்டலம் உப்பும் ஒரு குடம் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவார்கள். வருகிறவர்கள் முதல் சோற்றை அந்த உப்பில்தான் சமைப்பார்கள்.

பிறகு, மூன்றாவது பிளாக்கின் அடியிலும் கரி இருப்பது தெரிந்தது. எல்லோரையும் புதுக் காலனிக்கு மாற்றினார்கள், வீடுகளை இடித்தார்கள், இடித்த இடத்தைத் தோண்டினார்கள். தோண்டியது தணிகாசலத்தின் பக்கெட் வீல்தான். அவரே ஓட்டினார், தன் தெருவை முனையிலிருந்து ஆரம்பித்து.

அந்த பிளாக்தான் இப்போது படத்தில் இருந்தது, வேப்பமரங்களும் தண்ணீர்த் தொட்டியும் சைக்கிள்களும் கொடிகளில் துணிகளுமாக, மனிதர்கள் மட்டும் இல்லாமல். செயற்கை நுண்ணறிவுக்கு ஆச்சரியப்படக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அது தன் பாட்டுக்கு வீடு, வீடு, வீடு, மரம், தொட்டி, வீடு, துணி என்று பெயரெழுதி, கிழக்குச் சரிவில் இதுவரை ஒரு கூடை மண்கூட வெட்டப்படவில்லை என்று முடிவுரை கூறியது. சர்வே மேலாளர் பாலகுரு, மென்பொருள் விற்றவர்களுக்குப் போன் போட்டார். ஒருமுறை அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். போட்டதில் படம் இன்னும் தெளிவாகி, ஜன்னல் கம்பிகள் தெரிந்தன.

அடுத்த நாள் மதிவதனி ட்ரோனை அந்த இடத்தில் மெல்ல இறக்கிப் பார்த்தாள். வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை, பள்ளமும் அடியில் பம்பு ஷெட்டும்தான். ஆனால் ட்ரோன் பழைய மொட்டைமாடிகளின் உயரத்துக்கு வந்ததும் எதிலோ காலூன்றி, விசிறிகளை நிறுத்திக்கொண்டு, வடகத்துக்குக் காவல் வைத்த காக்கைபோல அந்தரத்தில் உட்கார்ந்துகொண்டது. அதற்குமேல் கீழே போக மறுத்துவிட்டது.

புதுக் காலனியில் சேதி பரவியபோது யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஆளாளுக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சர்வே ஆபீஸ் வராந்தாவுக்கு வந்து, தங்கள் வீட்டைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்கள். திரும்பக் கொடுக்கப்படாத, முறுக்குப் பிழியும் உழக்கு ஒன்று பக்கத்து வீட்டு மாடியில் கவிழ்ந்து கிடப்பது தெரிந்து, இருபது வருஷத்துக்கு முந்திய சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. முனை வீடு யாருக்குச் சேரவேண்டும் என்பதிலிருந்த பழைய வழக்கும் உயிர்பெற்றது. வீட்டுக்காகக் காத்திருப்போர் நிறைய இருக்கையில் ஒரு பிளாக் முழுவதும் காலியாகக் கிடப்பது என்ன நியாயம் என்று தொழிற்சங்கம் மனுக் கொடுத்தது. தரைக்கு மேலே உள்ள வீடுகளை ஒதுக்க விதிகளில் இடமில்லை என்று நிர்வாகம் மூன்று பக்கத்தில் பதில் எழுதியது. வாராவாரம் திங்கட்கிழமை ஒரு திருவிழாவாயிற்று. சுண்டல் விற்கிறவர் வந்தார். படத்தில் வாளிகள் இடம் மாறியிருந்தன, தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற பலாமரத்தில் பிஞ்சு விட்டிருந்தது, ஒரு வாரம் மழையில் நனைந்த தெரு பளபளத்தது, ஊரில் அந்த வாரம் மழையே இல்லாதபோதும். பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்போது எல்லோரும் கொஞ்சம் மெதுவாக நடந்தார்கள்.

தணிகாசலம் முதல் ஆளாய் வந்து கடைசி ஆளாய்ப் போவார். புதுக் காலனிக்கு வந்த சில வருஷங்களிலேயே பச்சையம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள். புதுக் காலனியில் வீடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், மிட்டாய்க்கடை போல. சேலை விரிக்கத் தேவையே இருக்கவில்லை. ஆனால் அவள் போன பிறகு அவர் பழையபடி வீடு தவற ஆரம்பித்தார். பெரும்பாலும், அங்கேயும் இங்கேயும் அடுத்த வீட்டுக்காரியான ஏலியாம்மா சேச்சி வீட்டுக்குத்தான். பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்து இங்கேயே நரைத்த ஏலியாம்மா ஒன்றும் கேட்காமல் காப்பி கொடுப்பார், அவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு எழுந்து போவார்.

படத்தில் அவர் பார்ப்பதெல்லாம் ஒன்றைத்தான். ஒரு மாடியில், வாராவாரம், கொடியில் நீலச் சேலை.

மதிவதனி தணிகாசலத்தின் மகள். அவள் படத்தைப் பார்த்தது வேறு காரணத்துக்காக. அவளுடைய தம்பி குணாளனுக்குக் கிழக்குச் சரிவின் அடிவாரத்துப் பம்பு ஷெட்டில் வேலை. வெள்ளூற்றில் பூமிக்கடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கிறது. பம்பு நின்றால் சுரங்கம் கிணறாகிவிடும், ஆகவே பம்புகளும் அவற்றின் ஆட்களும் அந்த இடத்தை விட்டு அசைய முடியாது. ஆவணி பிறந்ததும் குணாளன் சாப்பிடும்போது ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான்: சரிவின் அடியில் தரை லேசாக உப்புகிறது, சுவரில் கசிகிற தண்ணீர் கலங்கி வருகிறது, உருண்டைக் கற்கள் தாமாக உதிர்கின்றன. மேலே எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறது என்பதற்கு இவையெல்லாம் அடையாளம். அந்த விரிசலைக் கண்டுபிடிப்பதுதான் ட்ரோனின் வேலை. ட்ரோனோ அந்த இடத்தில் பலாப்பிஞ்சுகளைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவள் பாலகுருவிடம் சொன்னாள். அவர் நல்லவர், கவலைப்பட்டார். ஆனால் அந்தப் பக்கத்து பெஞ்சுகளுக்குப் போகும் பாதை போன மழையிலேயே சரிந்துவிட்டதால் ஆளை அனுப்பி அளக்க வழியில்லை; விரிசல் இருக்கிறதென்று ஒரு படமாவது இல்லாமல் பம்பை நிறுத்தி ஆட்களை ஏற்ற அவருக்கு அதிகாரமும் இல்லை. அவரே மேலே எழுதிப் பார்த்தார். ஆதாரத்தை இணைத்து அனுப்பும்படி பதில் வந்தது. மதிவதனி குணாளனிடம் லீவு போடச் சொன்னாள். "நான் போகலன்னா அந்த இடத்துல வேற ஒருத்தன் நிப்பான்க்கா, அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா" என்று சொல்லிவிட்டு அவன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான்.

அந்தத் திங்கட்கிழமை வராந்தாவில் அவள் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னாள். கீழே இருப்பவர்கள் எல்லாம் வராந்தாவில் இருப்பவர்களின் பிள்ளைகள்தான். சண்டைகள் நின்றன. பிளாக்கைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொல்ல வழியுண்டா என்று பேச்சு வந்தது. பூசாரியைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிற எஸ்டேட் ஆபீசில் நோட்டீஸ் அனுப்பச் சொல்லலாம் என்றார் இன்னொருவர். அனுப்பினால் யார் வாங்குவது என்றார்கள். திரையில் தன் வீட்டு அடுப்படிப் புகைக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்த ஏலியாம்மா சேச்சி திரும்பாமலே சொன்னார்:

"நாம இன்னும் காலி பண்ணவே இல்லியே, மோளே. உப்பு வச்சோமா?"

யாரும் வைத்திருக்கவில்லை. அடுத்துக் குடிவரப்போவது புல்டோசர், அதற்கு எதற்கு உப்பு என்று எல்லோரும் தனித்தனியாக நினைத்து, எல்லோரும் சேர்ந்து விட்டுவிட்டிருந்தார்கள். ஆகவே முறைப்படி பார்த்தால் மூன்றாவது பிளாக்கை இதுவரை ஒருவரும் காலி செய்யவில்லை; அது தன் ஆட்கள் வேலைக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டு விளக்கேற்றிக் காத்திருந்திருக்கிறது.

சுரங்கத்தடித் தண்ணீரில் மாதிரி எடுப்பதற்காக ட்ரோனின் வயிற்றில் ஒரு கொக்கி உண்டு, குப்பியைத் தொங்கவிட்டு, பொத்தானை அழுத்தினால் விட்டுவிடும். ஏலியாம்மா ஒரு பொட்டலம் உப்பையும் ஒரு புட்டி தண்ணீரையும் முடிந்து அதில் மாட்டச் சொன்னார். ட்ரோன் போய் அவர் வீட்டு மாடியில், அதாவது காற்றில், வைத்துவிட்டு வந்தது. கீழே எதுவும் விழவில்லை. குணாளன் ஷெட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த படத்தில் ஏலியாம்மாவின் வீடு இல்லை. விழுந்த பல்லின் இடம்போல அங்கே ஒரு சதுரத்தில் சுரங்கத்தின் செம்மண் சரிவு தெரிந்தது. செயற்கை நுண்ணறிவு அதன்மேல் அமைதியாக 'சரிவு' என்று எழுதியது. ஏலியாம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, அடுப்படி கொஞ்சம் சின்னதுதான், எப்போதும் இடிக்கும் என்றார்.

அதற்குப் பிறகு மளிகைக்கடையில் உப்பு தீர்ந்துபோயிற்று. காலனிக்காரர்கள் நாங்கள் ட்ரோனுக்கு முன்னால் வரிசையில் நின்றோம். சிலர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உடனே போனார்கள். சிலர் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு பின்னால் போய் மறுபடி வரிசையில் நின்றார்கள். முறுக்கு உழக்குக்குச் சண்டை போட்டவர்கள், முதலில் யார் காலி செய்வது என்று கொஞ்சநேரம் உபசரித்துக்கொண்டார்கள். ஊரைவிட்டே போய்விட்டவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்தார்கள், அதையும் பிளாக் ஏற்றுக்கொண்டது. தண்ணீர்த் தொட்டிக்கு எஸ்டேட் ஆபீஸ் பியூன் வைத்தார். பலாமரம் கடைசிவரை நின்று, பிஞ்சோடு போயிற்று. செவ்வாய் முழுவதும் ட்ரோன் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, அன்று மாலை படத்தில் பள்ளம் முழுதாகத் தெரிந்தது, நடுவில் ஒரே ஒரு வீட்டைத் தவிர. செம்மண் சரிவின்மேல் ஆதாரமில்லாமல் அந்த வீடு மட்டும் நின்றது, மாடியில் நீலச் சேலையோடு. அதற்கு இரண்டு பக்கமும் சரிவின் குறுக்கே ஒரு கறுத்த கோடு வந்து, வீட்டுக்கு அடியில் நுழைந்து மறைந்தது. அது விரிசலா, பழைய மழைநீர் ஓடிய தடமா என்று நடுப்பகுதியைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றது செயற்கை நுண்ணறிவு. விரிசல் பிளந்து நிற்கும் இடம் நடுப்பகுதிதான்.

தணிகாசலம் வரிசையில் நின்றிருக்கவில்லை. மகள் தேடிப் போனபோது அவர் ஏலியாம்மா வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுத் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார்.

"அப்பா, நாளைக்குக் காலையில உப்பு வச்சிரலாம்ப்பா."

அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் வச்சிட்டாங்க."

"அவங்களுக்கென்ன, அவங்க அவங்க வீட்டுக்கு ஒழுங்காப் போய்ச் சேந்தவங்க. சேல இன்னும் வெளிய கெடக்குது பாத்தியா? நான் இன்னும் போய்ச் சேரலன்னு அர்த்தம். அவ பாட்டுக்குப் போட்டுட்டு ஒக்காந்திருக்கா. நான் உப்ப வச்சிக் காலி பண்ணிட்டன்னு சொல்லணுங்கிறியா?"

"கீழ குணா நிக்கிறான்ப்பா."

"தெரியும்."

"அவனுக்கு நேர் மேல."

"அந்தச் சரிவ வெட்டுனதே நான்தான்டி," என்றார் அவர். "எது எதுக்கு நேர் மேல இருக்குன்னு எனக்கா சொல்ற?"

அதோடு பேச்சு முடிந்தது. மேலே மனைவி, கீழே மகன், நடுவில் தன் கையால் வெட்டிய மண். இப்படி ஒரு நிலைமைக்கு இலக்கணக்காரர்கள் எந்தத் திணையும் வகுத்திருக்கவில்லை என்பதை மறுபடியும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மறுநாள் குணாளன் ஷிப்டுக்கு இறங்கிப் போன பிறகு, மதிவதனி கிழக்குக் கரையில் ட்ரோனோடு நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, தணிகாசலம் நடந்து வந்தார். மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். கையில் உப்புப் பொட்டலமும் ஒரு புட்டி தண்ணீரும் இருந்தன. வெறும் உப்பை மட்டும் வைத்தால் அவள் திட்டுவாள் என்றார். கொக்கியில் மாட்டிவிட்டு, ட்ரோனைத் தானே ஓட்டுவதாகச் சொன்னார். பிறர் ஓட்டிக்கொண்டு போய் விடுவதற்கு அது யார் வீடு என்று கேட்டார்.

மகள் கருவியை அவர் கையில் கொடுத்து, எந்தக் குமிழ் எதற்கு என்று காட்டினாள். அவர் அதைப் பக்கெட் வீல் நெம்புகோலைப்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்து, மெதுவாக ஏற்றினார். நாங்கள் பின்னால் வந்து நின்றோம். ட்ரோன் பள்ளத்தின்மேல் போனது. பழைய தெருமுனை இருந்த இடத்தில் நின்றது, அங்கே இப்போது தெருவும் இல்லை முனையும் இல்லை என்றாலும். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி, ஏலியாம்மாவின் வீடு இருந்த வெற்றிடத்தில் போய் இறங்கப் பார்த்தது. பிளாக்கிலேயே மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு; அப்படியும் அவர் பழக்க தோஷத்தில் பக்கத்து வீட்டுக்குத்தான் போனார்.

"அது என் வீடு," என்றார் ஏலியாம்மா பின்னாலிருந்து. "சேலய நோக்கிப் போங்க."

தணிகாசலம் தலையை ஆட்டிக்கொண்டார். ட்ரோன் எழும்பி, நகர்ந்து, நீலச் சேலைக்குப் பக்கத்தில் ஓசையில்லாமல் காலூன்றியது. விசிறிகள் நின்றன. திரையில் சேலை காற்றில் ஒருமுறை புடைத்து அடங்கியது. தூரத்திலிருந்து பார்த்தே பழகிப்போனதால், அதன் கரையில் மாங்காய் வரிசை இருந்ததையே நாங்கள் அன்றுதான் பார்த்தோம். அவர் பொத்தானை அழுத்தினார். பொட்டலமும் புட்டியும் கொக்கியை விட்டு இறங்கின. அவர் உடனே ட்ரோனை எழுப்பவில்லை. மகளும் எழுப்பச் சொல்லவில்லை. கொஞ்சநேரம் அப்படியே அது அங்கே உட்கார்ந்திருந்தது, ஷிப்ட் முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்திருக்கும் நேரம்.

பிறகு திரையில் கொடி வெறுமையாக இருந்தது.

"எடுத்துட்டா," என்றார் தணிகாசலம். சொல்லிவிட்டுக் கருவியை மகளிடம் கொடுத்தார்.

ட்ரோன் எழும்பியபோது கீழே வீடு இல்லை. சரிவு இருந்தது, சரிவின் குறுக்கே ஒரு கரையிலிருந்து மறுகரைவரை ஆள் இறங்கக்கூடிய அகலத்தில் விரிசல் இருந்தது. செயற்கை நுண்ணறிவு அதன்மேல் சிவப்பில் ஒரே சொல்லை எழுதியது. பாலகுரு படத்தை யாருக்கும் அனுப்பி அனுமதி கேட்கவில்லை. அபாயச் சங்கை ஊதச் சொன்னார். பம்பு ஷெட்டிலிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள், குணாளன் எல்லோருக்கும் பின்னால், சாப்பாட்டுப் பையை மறக்காமல். அவன் கரைக்கு வந்து அக்காவின் பக்கத்தில் நின்று பையைத் திறந்து எல்லோருக்கும் புளிச்சோறு கொடுத்துக்கொண்டிருந்தபோது, கிழக்குச் சரிவு நிதானமாக, முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காருகிற யானையைப் போல, பம்பு ஷெட்டின்மேல் உட்கார்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. புழுதி அடங்க மத்தியானமாயிற்று. தண்ணீர் ஏறியது, வேறு பம்புகளை வேறு பக்கத்தில் வைத்து இறைத்தார்கள், அது பொறியாளர்களின் கதை.

அடுத்த திங்கட்கிழமை வராந்தாவுக்கு யாரும் வரவில்லை. சுண்டல்காரர் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனார். படத்தில் மண் இருந்தது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று செயற்கை நுண்ணறிவு சரியாகச் சொன்னது.

தணிகாசலம் அதன் பிறகு வீடு தவறுவதில்லை. மாலையில் நடந்துவிட்டு வந்தால் மிட்டாய் நிற வாசல்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, நேராகத் தன் வாசலில் வந்து நின்று செருப்பைக் கழற்றுகிறார். மகனும் மகளும் நிம்மதியாக இருக்கிறார்கள். அடுத்த வீட்டில் ஏலியாம்மா சேச்சி மட்டும், கை பழகிவிட்டதால், இன்னமும் ஒரு டம்ளர் காப்பியை அதிகமாகப் போட்டுவிட்டு, அது ஆறும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.